சின்ன வாத்தியம் என்கிற பொய்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பையன் இருக்கிறான். வயது பதின்மூன்று. போன வருஷம் விஜயதசமியன்று அவனுடைய தகப்பனார் ஒரு சொப்ரானோ சாக்ஸபோன் வாங்கிக் கொடுத்தார். இந்த வருஷம் விஜயதசமிக்கு அது பரண்மேல் இருந்தது. "பணம் போனதுகூடப் பெரிதில்லை ஸார். பையனுக்குக் காது கிடையாது என்று தெரிந்துபோயிற்றே, அதுவும் ஒரு லாபம்தான்" என்று மாடிப்படியில் நின்றுகொண்டு அவர் என்னிடம் சொன்னார். பையன் பக்கத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். காது இல்லாத அந்தப் பையனுக்கு இந்த வார்த்தை மட்டும் நன்றாகக் கேட்டிருக்கும்.

அந்த வார்த்தையை ஆட்சேபித்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சங்கீத விமரிசகன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்த வாத்தியத்தோடு எனக்கு நாலு வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஐம்பத்திரண்டாவது வயதில், டாக்டர் நடக்கச் சொன்ன காலத்தில், நடப்பதற்குப் பதிலாக ஊதிப் பார்ப்போமே என்று வாங்கினேன். வாங்கிய கடையில் என்னிடம் சொன்னதும், பையனின் தகப்பனாரிடம் வேறொரு கடையில் சொன்னதும் ஒரே பொய்தான்: "சின்ன வாத்தியம் ஸார், சுலபமா வந்துடும். பெரிசுக்கெல்லாம் மூச்சு ஜாஸ்தி வேணும்."

சின்னதென்றால் சுலபம்! இந்த நாட்டில் எதைப் பற்றியும் இப்படி ஒரு எண்ணம் உண்டு. சிறுகதையை நாவலுக்கு முன்னால் எழுதிப் பழக வேண்டும் என்று எனக்கும் ஆரம்பத்தில் புத்தி சொன்னார்கள். நாவலில் பத்துப் பக்கம் வழுக்கினாலும் பதினோராவது பக்கத்தில் எழுந்து நடந்துவிடலாம், சிறுகதையில் ஒரு வரி வழுக்கினால் கதையே போயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. அது வேறு புலம்பல், இங்கே வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் 1814-ல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846-ல் பாரிஸில் தம் வாத்தியத்துக்குக் காப்புரிமை பெற்றார். பெற்றபோதே அது ஒரு வாத்தியமாக இல்லை. பெரிசும் சிறிசுமாக ஒரு குடும்பமாக இருந்தது. அந்தக் குடும்பத்தில் நாம் சாதாரணமாகக் காண்கிறவை நாலு. பாரிடோன், டெனர், ஆல்டோ மூன்றும் வளைந்த கழுத்தும் மேலே மடங்கிய வாயுமாக இருப்பவை. நாலாவதான சொப்ரானோ பெரும்பாலும் நேராக, பித்தளையில் செய்த நாயனம்போல இருக்கும். வாய்ப்பக்கம் குறுகி, போகப் போக அகலுகிற கூம்புக் குழாய். ஒற்றை ரீடு. விரல்பிடி நாலுக்கும் ஒன்றேதான். ஆகவே ஒன்றை வாசிக்கத் தெரிந்தவருக்கு மற்றது தெரிந்ததுபோல ஒரு மயக்கம் ஏற்படும்.

மயக்கம் தெளிய ஒரு கணக்குப் போதும். டெனர் சாக்ஸபோன் சொப்ரானோவைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசுவது. ஆகவே அதன் குழாயும் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். மவுத்பீஸை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் டெனரில் சுருதி எவ்வளவு ஏறுமோ, அதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு சொப்ரானோவில் ஏறும். உதட்டை இறுக்கினாலும் அப்படி, தளர்த்தினாலும் அப்படி. பிடில் வாசிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கீழ் ஸ்தாயியில் விரல் ஒரு நூல் தள்ளி விழுந்தால் சமாளித்துக்கொள்ளலாம். மேல் ஸ்தாயிக்குப் போகப் போக ஸ்வரங்கள் நெருங்கி நெருங்கி வந்து, ஒரு நூல் தப்பினால் அடுத்த வீட்டுக்குள் போய் நிற்கவேண்டியதுதான் என்பார்கள். சொப்ரானோ வாசிக்கிறவன் எப்போதுமே அந்த மேல் ஸ்தாயியில் குடியிருக்கிறவன். குடும்பத்தில் சிறியது என்றால் தப்புக்கு இருக்கிற இடமும் அதில் சிறியது என்று அர்த்தம். இதைத்தான் கடைக்காரர் சுலபம் என்றார்.

என் முதல் வருஷக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாத்தியத்தின் பாரம் ஏறக்குறைய முழுவதும் வலது கைக் கட்டைவிரல்மேல் இறங்கும். மூன்றாவது வாரத்தில் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. தொடர்கதைக்கு ஒரு அத்தியாயம் தாமதமாயிற்று. ரீடு ஒரு பெட்டிக்குப் பத்து வரும். அதில் மூன்று பேசும், நாலு முனகும், மூன்று மௌன விரதம். பேசுகிற மூன்றும் மழைநாளில் முனகும். கொறுக்கைத் தட்டைச் சீவாளியோடு மல்லாடுகிற நாயனக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த அவஸ்தையெல்லாம் அவர்களுக்குப் பழங்கதை. கீழ்க்கோடி ஸ்வரங்களை ஊதினால் எருமைக் கன்று கத்துவதுபோல இரட்டையாக உடையும். மேல்கோடியில் சீட்டி அடிக்கும். நடுவில் மேல் ஸ்தாயிக் கீயை அழுத்தித் தொடங்குகிற முதல் ஸ்வரம் எப்போதும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டு, கல்யாண வீட்டில் கூப்பிடாமல் முன்வரிசையில் உட்கார்ந்த உறவினர் மாதிரி நிற்கும். எதிர்வீட்டு அம்மாள் என் மனைவியிடம் வந்து, "உங்காத்துல ஏதாவது வாத்து வளர்க்கறேளா?" என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்கள்.

இந்தக் கஷ்டங்கள் எந்த வாத்தியத்திலும் ஏதோ ஒரு விதத்தில் உண்டு. அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. சண்டை இனிமேல்தான்.

முதல் பொய்யை நம்பி வாங்கியவர்களுக்கு, ஆறு மாதம் கழித்து இரண்டாவது பொய் ஒன்று ஆறுதலாகக் கிடைக்கும். "அந்த வாத்தியமே அப்படித்தான் ஸார், சுருதி நிற்காது." இதைச் சொல்கிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள், வாத்தியம் கற்றுக்கொடுக்கிறவர்களிலும் இருக்கிறார்கள். இதற்கு அடுத்த வீட்டில்தான் மூன்றாவது பொய் குடியிருக்கிறது: "வாத்தியத்தில் குறையில்லை, உனக்குத்தான் காது இல்லை." மாடிப்படியில் நான் கேட்டது அது. இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் மூலம் ஒரே எண்ணம்: கீயை அழுத்தினால் ஸ்வரம் வரவேண்டும், வராவிட்டால் ஒன்று பொருள் பழுது, அல்லது ஆள் பழுது.

கீயை அழுத்தினால் ஸ்வரம் வருகிற வாத்தியம் ஹார்மோனியம். இந்தக் குணத்துக்காகவே அதை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. விலக்கியது சரியா, தப்பா என்பதில் நான் தலையிடப் போவதில்லை. எத்தனையோ நாடகக்காரர்களின் வயிற்றில் அடித்த காரியம் அது. ஆனால் அதைச் சொன்னவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. தயாராக வெட்டிவைத்த ஸ்வரத்துக்கும், வாசிக்கிறவன் அப்போதைக்கப்போது தன் காதால் உண்டாக்குகிற ஸ்வரத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பது. வானொலி கதவடைத்த அதே ஹார்மோனியத்தின் பேரன்தான் மின்சாரக் கீபோர்டாக இன்று வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கிறான். சங்கீதம் கற்கும் குழந்தைகளில் பாதிப்பேர் முதலில் தொடுவது அவனைத்தான். ஆகவே எல்லா வாத்தியமும் அப்படித்தான் என்று பெற்றோர்கள் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

சொப்ரானோவில் கீ கொடுப்பது விலாசம் மாத்திரம். "இந்தத் தெருவில் இந்தப் பக்கம்" என்று சொல்லும். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டவேண்டியது உதடும் தொண்டையும் மூச்சும். இதைப் பரீட்சித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மவுத்பீஸைத் தனியாகக் கழற்றி ஊதுங்கள். மேல்நாட்டுக் கச்சேரி முறையில் பழக்குகிற ஆசிரியர்கள், சொப்ரானோ மவுத்பீஸ் மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை ஷட்ஜத்தில் நிற்கவேண்டும் என்பார்கள். ஆல்டோவுக்கு அது ஆறு கட்டை, டெனருக்கு ஐந்து. குழாயும் இல்லை, கீயும் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு துண்டிலேயே உதட்டை அசைத்து நாலைந்து ஸ்வரங்களுக்கு ஏறி இறங்கலாம். இன்னொரு பரீட்சை: எல்லாத் துளையையும் மூடிக் கீழ் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, விரலை அசைக்காமல், தொண்டையின் அமைப்பை மாற்றி மாத்திரம் அதன் மேல் ஸ்தாயி ஷட்ஜத்தையும், அதற்கு மேலே பஞ்சமத்தையும் வரவழைக்கலாம். எனக்கு இது வர இரண்டு வருஷம் ஆயிற்று. வந்த அன்று காலையில் மனைவியை அழைத்துக் காட்டினேன். "விரல் அசையலையே, எப்படி வந்தது?" என்றாள். இத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் பற்றிக்கூட இவ்வளவு நல்ல கேள்வியை அவள் கேட்டதில்லை.

இந்த வாத்தியத்தைக் கைக்கொண்டு பெயர் வாங்கியவர்களைப் பார்ப்போம். சிட்னி பெஷே 1897-ல் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். கறுப்பினத்தவர். சிறு வயதிலிருந்து கிளாரினெட் வாசித்தவர். எழுதிவைத்த ஸ்வரங்களைப் படிக்கக் கற்கவில்லை. 1919-ல் ஒரு கோஷ்டியோடு லண்டனுக்கு வந்தபோது, சுவிட்ஸர்லாந்தின் எர்னெஸ்ட் ஆன்ஸர்மே என்ற பெரிய கண்டக்டர் அவருடைய கிளாரினெட்டைக் கேட்டுவிட்டு, இவர் ஒரு மேதை என்று அந்த வருஷமே எழுதினார். மேதை என்று எழுதப்பட்ட ஆசாமி என்ன செய்தார்? லண்டனில் ஒரு கடையில் நேரான சொப்ரானோ ஒன்றைப் பார்த்தார், வாங்கினார், நாளடைவில் கிளாரினெட்டைப் பின்னுக்குத் தள்ளி இதையே தம் குரலாக்கிக்கொண்டார். ஆதாயத்துக்காகச் செய்தார் என்று சொல்ல முடியாது. 1930-களின் பஞ்சத்தில் வாத்தியம் சோறு போடாமல் நியூயார்க்கின் ஹார்லெமில் தையற்கடை வைத்திருந்தார். கடைசிக் காலத்தில்தான் பிரான்ஸ் தேசம் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 1959-ல் பாரிஸுக்கு அருகே, தம் அறுபத்திரண்டாவது பிறந்த நாளன்றே காலமானார்.

பெஷேயின் நாதம் அகலமாக நடுங்கும். சுருதிப் பிசகை மறைக்கத்தான் அப்படி நடுக்கினார் என்று சொல்கிற புத்திசாலிகள் உண்டு. அவர்கள் 1939-ல் அவர் பதிவு செய்த 'ஸம்மர்டைம்' தட்டைப் பொறுமையாகக் கேட்கட்டும். ஸ்வரத்தின் நடுவில் நின்றுகொண்டு இரு பக்கமும் அசைகிறவனுக்கும், நடுவு எங்கே என்று தெரியாமல் தள்ளாடுகிறவனுக்கும் உள்ள வேற்றுமை நம் ஜனங்களுக்குத் தெரியாததா? கமகம் கேட்டு வளர்ந்த காதுகளாயிற்றே நம்முடையவை!

அவரிடம் பாடம் கேட்ட ஒரு மாணவர் பிற்காலத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். பெஷே அன்றைக்குக் கொடுத்த பாடம் ஒரே ஒரு ஸ்வரம். அதை எத்தனை விதமாக வாசிக்க முடியும் பார் என்றாராம். உறுமு, இழு, கீழே இறக்கு, மேலே ஏற்று, இஷ்டப்படி செய். இது பேசுவதைப் போன்றது என்றாராம். 'சுருதி தப்பாதே' என்று தொடங்கவில்லை. ஸ்வரத்தைச் சுற்றியிருக்கிற முற்றம், கொல்லை, திண்ணை எல்லாவற்றிலும் நடமாடிவிட்டு வா, பிறகு நடுக்கூடம் எது என்று உனக்கே தெரியும் என்கிற பாடம் அது. நம் ஊரில் ஆறு மாதத்தில் பன்னிரண்டு பாட்டு என்று அட்டை போட்டுக் கற்பிக்கிறவர்கள் இந்த ஒரு ஸ்வரத்துக்கு எத்தனை ரூபாய் போடுவார்கள்?

பெஷேயின் தட்டைக் கேட்டுத்தான் ஸ்டீவ் லேசி என்பவர் இந்த வாத்தியத்துக்கு வந்தார். 1934-ல் நியூயார்க்கில் பிறந்தவர். மற்றவர்கள் டெனருக்கு நடுவே ஒரு மாறுதலுக்காகச் சொப்ரானோவை எடுப்பார்கள். இவர் இதைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று 2004-ல் சாகும்வரை இதோடு வாழ்ந்தார். 1970 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் பாரிஸ்வாசம். ஜான் கோல்ட்ரேன் டெனரில் பெரும் பெயர் எடுத்த பிறகு 1960-ல் சொப்ரானோவை எடுத்து, ஒரு நாடக மெட்டை ஏறக்குறைய பதினாலு நிமிஷம் விஸ்தாரம் செய்து பதிவு செய்தார். அதே மாதத்தில் பெஷேயின் பெயரை வைத்தே ஒரு உருப்படியும் வாசித்து, தம் கடனைச் சொல்லிவிட்டார். அந்தப் பதினாலு நிமிஷத்தைக் கேட்கிற தமிழ்க் காதுக்கு ஒரு விநோதம் தோன்றும். மூக்கோடு சேர்ந்த அந்த நாதம், நாயனத்துக்குத் தூரத்துச் சித்தப்பா பிள்ளையோ என்று நினைக்க வைக்கும்.

இன்னொருவரையும் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. கென்னி ஜி என்பவரை விஷயம் தெரிந்தவர்கள் கேலி செய்வது ஒரு சம்பிரதாயம். 1997-ல் ஒரே ஸ்வரத்தை நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் விடாமல் ஊதிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியவர். சீனாவில் கடைகளைச் சாத்துகிற நேரத்தில் ஜனங்களை வீட்டுக்கு அனுப்ப அவருடைய தட்டைத்தான் போடுகிறார்கள். நானும் கேலி செய்தவன்தான். சொப்ரானோவைக் கையில் எடுத்த பிறகு, அவர் சுருதியில் நிற்பதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அவருடைய பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை; அது வேறு.

இப்போது எங்கள் மாடிப் பையனுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் கிளாரினெட்காரர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் "இதுவும் அது மாதிரிதான்" என்று தொடங்கிவிட்டார். கிளாரினெட் நேர் உருளைக் குழாய். அதற்கு இறுக்கிப் பிடித்த உதடு வேண்டும். கூம்புக் குழாயான இதில் அந்த இறுக்கத்தைக் கொண்டுவந்தால் சுருதி ஏறும், நாதம் ஒடுங்கும். பையன் இறுக்கினான். மூன்றாவது மாதம் ஒரு சினிமாப் பாட்டு. ஐந்தாவது மாதம் எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவில் கச்சேரி! பக்கத்தில் இன்னொரு பையன் கீபோர்டு.

விழா குளிர்சாதன மண்டபத்தில் நடந்தது. பித்தளைக் குழாயும் அதனுள் இருக்கிற காற்றும் குளிர்ந்தால் சுருதி இறங்கும். வாசிக்க வாசிக்கச் சூடேறினால் ஏறும். முதல் வரியில் பையன் கீபோர்டுக்குக் கீழே இருந்தான். அதை அவன் கேட்டான். கேட்டவுடன் உதட்டை இன்னும் இறுக்கி மேலே ஏற்றினான். ஏற்றியபோது குழாயும் சூடாயிற்று. இரண்டும் சேர்ந்து மேலே கொண்டுபோய்விட்டன. கீபோர்டு அசையாமல் நின்றது. அதற்கு அசையத் தெரியாது. சரணத்தில் பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டு நின்றான். கீபோர்டுப் பையன் கடைசிவரை வாசித்துக் கைத்தட்டல் வாங்கினான்.

இதைத்தான் காது இல்லாததற்கு அத்தாட்சி என்கிறார் தகப்பனார். ஐயா, நானும் அந்தச் சபையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காது இல்லாத பையனாக இருந்தால் சந்தோஷமாகப் பாட்டை முடித்திருப்பான். உங்களுக்கும் தெரிந்திருக்காது, சபையில் பாதிப்பேருக்கும் தெரிந்திருக்காது, மாலை போட்டிருப்பார்கள். அவன் கேட்டான், கேட்டதைப் பொறுக்கமுடியாமல் நிறுத்தினான். திருத்துகிற வழியை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நோயாளிக்கு வலி தெரிகிறது என்பதைக் காரணம் காட்டி அவனுக்கு உயிர் இல்லை என்று எழுதிக் கொடுக்கிற வைத்தியரை என்ன சொல்வீர்கள்?

அதற்குப் பிறகும் ஒரு சிகிச்சை நடந்தது. கைப்பேசியில் சுருதி காட்டும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, முள் நடுவில் நிற்கும்படி வாசி என்றார்கள். முள் பச்சையானால் சரி, சிவப்பானால் தப்பு. பையன் இரண்டு மாதம் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தான். கருவிமேல் எனக்கு விரோதமில்லை. எந்த ஸ்வரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு தடவை குறித்துக்கொள்ள அது உதவும். ஆனால் முள் சிவப்பாவதற்குள் தப்பு நடந்து முடிந்துவிடுகிறது. ஸ்வரம் பிறப்பதற்கு முன்பே அது எங்கே பிறக்கவேண்டும் என்று உள்ளே கேட்டாகவேண்டிய வித்தை இது. பாடுகிறவன் முள்ளைப் பார்த்தா பாடுகிறான்? தம்பூரா எதற்கு இருக்கிறது? இந்த வாத்தியத்தின் இயல்பான ஷட்ஜம் நம் கணக்கில் ஆறரைக் கட்டை. மின்சாரத் தம்பூராவானால்கூடப் போதும். அதை ஆறரையில் வைத்து, ஒரு ஷட்ஜத்தைப் பத்து நிமிஷம் ஊதினால் முள் பத்து மாதத்தில் சொல்லாததைக் காது சொல்லிவிடும். ஊதுவதற்கு முன்னால் அந்த ஸ்வரத்தை வாயால் பாடிப் பார்க்கவேண்டும். வெட்கப்படாமல் பாடவேண்டும்.

சிலர் கத்ரி கோபால்நாத்தைக் காட்டிப் பையனை அதட்டினார்கள். "அவர் வாசிக்கவில்லையா? 1994-ல் 'டூயட்' படத்தில் கேட்டாயா இல்லையா?" கேட்டான், பாவம், எல்லோரும்தான் கேட்டோம். ஆனால் சொன்னவர்களுக்கு இரண்டு விஷயம் தெரியவில்லை. கோபால்நாத் வாசித்தது ஆல்டோ; சொப்ரானோவைவிடப் பெரியது. அது ஒன்று. மற்றது முக்கியம். அவர் நாதஸ்வர வித்வானின் மகன், நாயனம் பயின்றவர். மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கண்டு மயங்கிய பிறகு, அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு வசப்படுத்த அவருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது. மங்களூரிலும் சென்னையிலும் குருமார்களிடம் உட்கார்ந்தார். 2019-ல் மறைந்த அந்த மகாவித்வானின் இருபது வருஷத்தைக் காட்டி, பதின்மூன்று வயதுப் பையனின் ஐந்து மாதத்தை அதட்டுவது என்ன நியாயம்?

வாத்தியத்தில் குறையே இருக்காது என்று நான் சாதிக்கப் போவதில்லை. இருக்கும். மலிவாகச் செய்து தள்ளுகிற சொப்ரானோக்களில் மூடிகள் சரியாகப் படியாமல் காற்று கசியும். துளைகள் இடம் மாறியிருக்கும். மேல் ஸ்தாயி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைத் தேர்ந்த ஒருவர் வாசித்துப் பார்த்துச் சொல்லவேண்டும். நாயனத்தில் சுத்த மத்தியமம் ஒழுங்காகப் பேசாதிருந்தபோது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியிடம்தான் போனார்; இருவரும் சேர்ந்து வாத்தியத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று மயிரிழை சுத்தமாகச் சொல்ல, முதலில் ராஜரத்தினம் பிள்ளையின் காது வேண்டியிருந்தது. ஒரு பாட்டுக்கூட வாசித்து முடிக்காத நிலையில் பித்தளையின்மேல் பழி போட நமக்கு யோக்யதை கிடையாது. குழந்தையின்மேல் போட அதைவிடவும் கிடையாது.

முதலில் ஆல்டோவைக் கற்றுவிட்டுத்தான் இதற்கு வரவேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆல்டோ பெரியது, கொஞ்சம் மன்னிக்கும். பையனுக்கு அதை வாங்கிக் கொடுத்திருந்தால் ஆண்டு விழாவில் பாட்டு முடிந்திருக்கும். ஆனால் வாங்கியது வாங்கியாயிற்று; அவனுக்கும் இதன் குரல்தான் பிடித்திருக்கிறது. பிடித்த ஒன்றைக் கஷ்டம் என்பதற்காகக் கையிலிருந்து பிடுங்கி, சுலபமானதைக் கொடுத்து, "இதை முடி, பிறகு அதைத் தருகிறேன்" என்று சொன்னால் பதின்மூன்று வயதில் இரண்டும் போய்விடும். பாட்டை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். விழாவை இரண்டு வருஷம் தள்ளிப்போடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. விருந்தாளி வந்தால் "ஒன்று வாசித்துக் காட்டு" என்று கூடத்துக்கு இழுக்காதீர்கள். காட்டுவதற்கு ஒன்றும் இராது. ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருக்கிறானே, பக்கத்து வீட்டுப் பெண் அதற்குள் மூன்றாம் கிரேடு பரீட்சை எழுதிவிட்டாளே என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரியும், எரியட்டும்.

தீபாவளிக்கு மறுநாள் பையன் என் அறைக்கு வந்தான். நான் வாசிக்கிற அரைகுறை வாசிப்பை ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தன்னுடைய மவுத்பீஸை மட்டும் பரணிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஊதச் சொன்னேன். தம்பூராவை ஒரு கட்டையில் வைத்திருந்தேன். பையன் ஊதியது இரண்டு கட்டையில் போய் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே எடுத்துவிட்டு, "ரொம்ப மேலே இருக்கு இல்லே, மாமா?" என்றான். இறுக்காதே, பேச்சுவாக்கில் 'ஓ' என்று சொல்கிற மாதிரி தொண்டையை வைத்துக்கொள் என்றேன். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றரைக் கட்டைக்கு இறங்கினான். அடுத்த ஞாயிறு ஒன்றேகால் என்று சொல்லலாமா, அப்படி ஒரு இடத்தில். அதற்கடுத்த வாரம் ஒரு விநாடி ஒரு கட்டையில் நின்றது. தம்பூராவின் நாதத்துக்குள் இவனுடைய நாதம் காணாமல் போயிற்று. பயந்துபோய் நிறுத்திவிட்டான். "நின்னுடுத்து, மாமா. நான் ஊதறது எனக்கே கேக்கலை" என்றான்.

தகப்பனாருக்கு இன்னும் சொல்லவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் இல்லை. பரணிலிருந்து வாத்தியத்தை இறக்க எங்கள் வீட்டு ஏணி வேண்டும் என்று கேட்டிருக்கிறான். தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.